ஆறாத அரிப்புக்கு இன்னொரு களிம்பு வேண்டாம்

மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன பெண்கள், பிறப்புறுப்பின் வெளித்தோலில் அரிப்பும் எரிச்சலும் சிவந்த திட்டுமாக மருத்துவரிடம் வருகிறார்கள். அரிப்பு தொடங்கி எத்தனை நாளாயிற்று என்று கேட்டால் பதில் ஆண்டுக்கணக்கில் வருகிறது. அதற்குள் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய களிம்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்ந்திருக்கும். இவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது பூஞ்சைத் தொற்றோ, தோல் வறட்சியோ, ஒவ்வாமையோதான். மிகச் சிலருக்கு மட்டும் அது வல்வா பேஜெட் நோய் என்ற அரிய தோல் புற்றாக இருக்கிறது. அந்த இடத்தில் வரும் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றிரண்டுதான் இது. இவ்வளவு அரிதான நோயைச் சொல்லி எல்லாப் பெண்களையும் ஏன் பயமுறுத்த வேண்டும் என்று கேட்டால், கேள்வி நியாயமானதே. ஆனால் மருந்துக்கு ஆறாத திட்டைச் சிறிதளவு கிள்ளி எடுத்துச் (பயாப்ஸி) சோதித்தால் பேஜெட் மட்டும் அகப்படுவதில்லை. அதைவிட அதிகமாக வரும் செதிள்செல் புற்றும், புற்றாக மாறக்கூடிய லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல்நோயும் அதே சோதனையில் தெரிந்துவிடும்.

படை போலவே தெரியும் புற்று

லண்டன் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜெட் 1874இல் முலைக்காம்பில் ஆறாத படை போன்ற புண்ணைப் பற்றி எழுதினார். அதே நோய் பெண்ணின் பிறப்புறுப்புத் தோலில் வருவதை 1901இல் பிரெஞ்சு மருத்துவர் துப்ரே பதிவு செய்தார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கண்ணால் பார்த்து இதைப் பிரித்தறிவது அனுபவசாலிக்கே கடினம். செக்கச்செவேல் என்ற திட்டு, அதன்மேல் ஆங்காங்கே வெள்ளைப் பொருக்கு, சில இடங்களில் கசிவு: எக்ஸிமாவும் இப்படித்தான் இருக்கும். இது மெல்லப் பரவும் நோய். பெரும்பாலும் பல ஆண்டுகள் மேல்தோலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த மந்தகதி பெண்ணுக்குச் சாதகமானதுதான், ஆனால் ஏமாற்றுவதும் அதுவே. உயிர் போகும் வலி இல்லாததால், பெரிதாக ஒன்றும் இல்லை என்று தள்ளிப்போடுகிறார்கள். ஆழத்தில் இறங்கிவிட்டால் தொடையிடுக்கு நெறிக்கட்டிகளுக்குப் போகும். அப்புறம் கதையே வேறு.

களிம்பு செய்யும் கெடுதல்

கடைக்காரர் எடுத்துத் தரும் குழாய்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசிய சில நாளில் சிவப்பு குறையும், அரிப்பு அடங்கும். நிறுத்தினால் திரும்பி வரும். குணமாகிவிட்டது என்ற நம்பிக்கை மாதங்களைத் தின்றுவிடுகிறது, தோல் மெலிகிறது, திட்டின் உருவமும் மாறிப்போய், பிறகு பார்க்கும் மருத்துவரையும் குழப்புகிறது. இத்தகைய 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை 2018இல் மத்திய அரசு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைகளில் இன்னும் கேட்டால் கிடைக்கிறது என்பது பொறுத்துக்கொள்ளக் கூடியதல்ல. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதும், கிருமிநாசினி கலந்த வெந்நீரில் கழுவுவதும் அந்த மென்மையான தோலை இன்னும் புண்ணாக்கும், அவ்வளவுதான்.

உடம்புச் சூடு, வெயில் நாள் போனால் சரியாகும் என்பார்கள். ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் திட்டுக்குச் சூடு காரணமாக முடியாது. சர்க்கரை இருக்கிறது, அதனால் அரிக்கிறது என்பது பாதி உண்மை. சர்க்கரை உள்ளவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று வரும். பூஞ்சை மருந்தை முறையாகப் போட்டும் ஆறாதபோது பழியைச் சர்க்கரைமேல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதுதான் தவறு. பாப் ஸ்மியர் எடுத்தேன், ஒன்றுமில்லை என்பார்கள். அது கருப்பை வாயைப் பார்க்கும் சோதனை, வெளித்தோலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கத்தி பட்டால் புற்று பரவும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பயாப்ஸியைத் தவிர்ப்பதால்தான் நோய்க்குப் பரவ நேரம் கிடைக்கிறது. எல்லாவற்றையும்விடக் கொடுமையானது ஒழுக்கத்தைச் சந்தேகிப்பது. இந்தப் புற்று பாலுறவால் வரும் நோயல்ல, யாருக்கும் தொற்றாது. வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

சிகிச்சை நீண்ட பயணம்

மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்தால் நோய் உறுதியாகும். குடல், சிறுநீர்ப்பைப் புற்று தோலுக்குப் பரவியும் இப்படித் தெரியலாம் என்பதால் அவற்றையும் பார்த்துவிடுவார்கள்.

சுற்றியுள்ள நல்ல தோலோடு சேர்த்துத் திட்டை வெட்டி எடுப்பதே வெகுகாலமாக முதன்மைச் சிகிச்சை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டியும் புற்றுசெல்கள் சிதறிக் கிடப்பதால், அறுவைக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. திரும்பினால் வெட்டி என்ன பயன் என்று சலித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. திரும்பி வருவதும் பெரும்பாலும் மேல்தோலோடு நிற்பதே, உடனே பார்த்தால் மறுபடி அடக்கலாம். மேல்தோலைத் தாண்டாத நோய்க்கு இமிகுயிமோட் களிம்பை மாதக்கணக்கில் பூசும் முறை இப்போது பலருக்குக் கத்தியைத் தவிர்க்கிறது அல்லது தள்ளிப்போடுகிறது. எரிச்சல் தரும் மருந்து அது. மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே பூச வேண்டும். ஆழத்தில் இறங்கிவிட்டால் நெறிக்கட்டி அறுவையும் சிலருக்குக் கதிர்வீச்சும் தேவைப்படும். எந்த வழியில் போனாலும் ஆண்டுக்கணக்கில் பரிசோதனைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும்.

கெஞ்சிக் கேட்பது

இந்த நோயை வராமல் தடுக்கத் தடுப்பூசி இல்லை, விலக்க வேண்டிய உணவும் இல்லை. நம் கையில் இருப்பது நேரம் மட்டும். ஆறு வாரம் மருந்து போட்டும் ஆறாத திட்டு இருந்தால், தயவுசெய்து மகளிர் மருத்துவரிடமோ தோல் மருத்துவரிடமோ போங்கள். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் அப்படியே கேளுங்கள். துணியை விலக்கிப் பார்க்காமல் சீட்டு எழுதினால், பார்த்துச் சொல்லுங்கள் அம்மா என்று நீங்களே கேளுங்கள். வீட்டில் வயதான அம்மாவோ மாமியாரோ நெளிந்து உட்கார்வதையும், இரவில் தூக்கமில்லாமல் புரள்வதையும் கவனிக்கும் மகளும் மருமகளும் கொஞ்சம் துணிந்து கேட்டுவிடுங்கள். அவர்களாக வாய்திறந்து சொல்ல மாட்டார்கள்.