உறைந்த ரத்தத்துக்குக் காவல்

ஈறைக் கீறிக் கடைவாய்ப் பல்லை எடுத்த பிறகு, அந்தக் குழியில் ரத்தம் உறைந்து கட்டியாக நிற்கும். அடியில் இருக்கும் எலும்பையும் நரம்பையும் மூடிக் காப்பது அதுதான். அதைப் பிடித்துக்கொண்டுதான் புதுச் சதை வளரும். கட்டி பெயர்ந்துவிட்டால் மூன்றாம் நாள் வாக்கில் வலி காதுவரை தெறிக்கும். பல் டாக்டர்கள் இதை ‘ட்ரை சாக்கெட்’ என்பார்கள்.

என் அம்மாவுக்கு வயது 62. சர்க்கரை உண்டு, வெற்றிலைப் பழக்கமும் உண்டு. எலும்புக்குள் புதைந்திருந்த பல்லை எடுத்த அன்று, டாக்டர் சொன்னதையெல்லாம் நான்தான் கேட்டு எழுதிக்கொண்டேன். மரத்த வாயும் பயமுமாக உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் மனதில் நிற்காது.

பஞ்சை அரைமணி நேரமாவது அழுத்திக் கடிக்க வேண்டும். முதல் 24 மணி நேரம் துப்பவோ கொப்பளிக்கவோ கூடாது. அம்மா வாஷ்பேசின் பக்கம் போகும்போதெல்லாம் “துப்பாதம்மா, முழுங்கிடு” என்று பின்னாலேயே போனேன். பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்த இளநீரில் ஸ்ட்ராவை எடுத்துவிட்டு, அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தேன். உறிஞ்சினாலும் கட்டி பெயர்ந்துவிடும்.

வலிக்கிறதென்று அம்மா சாப்பாட்டைத் தள்ளினார். சர்க்கரை மாத்திரை போடுகிறவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். ஆறிய கேழ்வரகுக் கூழையும் குழைத்த தயிர்சாதத்தையும் வேளை தவறாமல் ஊட்டினேன். வெற்றிலைப் பெட்டி பரணுக்குப் போனது.

மறுநாள் கன்னம் இன்னும் வீங்கியது. “என்னடி, கூடிக்கிட்டே போகுது?” என்று கண் கலங்கினார். வீக்கம் இரண்டு, மூன்று நாள் ஏறித்தான் இறங்கும் என்று டாக்டர் சொன்னதைப் படித்துக் காட்டினேன். முதல் நாள் துணியில் சுற்றிய ஐஸால் விட்டுவிட்டு ஒத்தடம் கொடுத்திருந்தேன். 24 மணி நேரம் கழிந்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். வேகமாகக் கொப்பளிக்காமல் வாயில் மெல்ல அலசி, தானாக வழியவிட வேண்டும்.

ரத்தம் நிற்கவில்லை, காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், குறைந்த வலி திரும்ப ஏறுகிறது என்றால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், அன்றைக்கும் மறுநாளைக்கும் ஒருவர் லீவு போட்டுவிடுங்கள். ‘பல்தானே’ என்று அவரைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.