இலாபக் கணக்கும் அறக் கணக்கும்



வணிகமும் முகாமைத்துவமும் பயிலும் மாணவர்க்கு அறத்தை எவ்வாறு கற்பிப்பது? பாடத்திட்டத்தின் இறுதியில் ஒரு வினாத்தாளைச் சேர்த்துவிட்டாற் போதும் என்பர் சிலர். ஏனைய பாடங்களிலெல்லாம் இலாபம் ஒன்றையே இலக்காகக் கற்றவன், அத்தாளைப் பரீட்சைக்கென மனனஞ் செய்து மறந்துவிடுவான். ஆதலின் அறம் ஒவ்வொரு பாடத்துள்ளும் ஒரு வினாவாக எழுதல் வேண்டும்.

இதற்கு உகந்த பாடநூல் மட்டக்களப்பில் விரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள வாவியே அது. வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வணிகமும் முகாமைத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. அங்கே ஆசிரியர் ஒருவர், வாவிக்கரையில் இறாற்பண்ணை அமைக்கத் திட்டம் வரையுமாறு பணிக்கிறார் என்று கொள்வோம். குஞ்சு, தீனி, மின்சாரம், கூலி ஆகியவற்றை மாணவர் செலவில் எழுதுவர். வெட்டப்படும் கண்டல் மரங்களை எந்த நிரலில் எழுதுவர்? மீன்குஞ்சுகள் ஒதுங்கி வளரும் இடம் அக்கண்டற் காடு. அது அழிந்தால், நட்டம் தோணியில் வலை வீசுவோனுடையதாகும்.

புத்தளத்தில் நிகழ்ந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். பண்ணைகள் பொதுவான நீர்வழியிலிருந்து நீர் எடுத்து, கழிவையும் அதிலேயே விட்டன. 1996இல் வெண்புள்ளி நோய் தோன்றியபோது, ஒருவர் குளத்துக் கேடு அயலார் குளங்களுக்கும் பரவியது. பின்னர், எவ்வலயத்தார் எப்போது குளத்தில் குஞ்சு விடுவது என்பதற்குப் பொது அட்டவணை வகுக்க நேர்ந்தது. அயலாரை மறந்த கணக்கு பிழைக் கணக்கே என்பதை அனுபவம் கற்பித்தது.

ஆயினும் பாடம் இத்துடன் முடிவதில்லை. கேடு முதலாளியைத் திரும்பி வந்து தாக்காமல், மீனவனோடு நின்றுவிட்டால்? அப்போதும் அதனைத் தவிர்ப்பவனே அறமறிந்தவன். நுண்கடன் கொடுப்போர்க்கும் இவ்வினா பொருந்தும். கடன் பெறும் பெண்ணின் வருவாய் தவணைக்குப் போதுமா என நோக்காது கடன் வழங்குதல், ஏட்டில் வளர்ச்சியாகத் தோன்றும்; வீட்டில் துன்பமாக முடியும். 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன் சுமையை நீக்க அரசே முன்வர நேர்ந்ததன் பொருள் இதுவன்றோ?

பொறுப்புள்ள முகாமைத்துவக் கல்விக்கென 2007இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் ஆறு நெறிகள் வகுக்கப்பட்டன. நெறிகளை அறிதல் நன்று. எனினும், “இந்த இலாபத்தின் செலவை யார் செலுத்துகிறார்?” என்று தன் ஏட்டை நோக்கித் தானே வினவும் பழக்கத்தை மாணவன் பெறுவானாயின், அக்கல்வி பயன் தந்ததாகும்.