செம்பருத்தி சொன்ன பாடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவி)

முதலாண்டுச் செய்முறை வகுப்பு. மால்வேசி குடும்பத்தை அறிய ஆளுக்கொரு செம்பருத்திப் பூ கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டு வாசலில் இருப்பது அடுக்குச் செம்பருத்தி. பெரிய பூவாயிற்றே என்று பெருமையோடு பறித்து வந்தேன். மற்றவர்களின் பூவில் ஐந்து இதழ்கள். நடுவே மகரந்தத் தாள்கள் ஒன்றுகூடிய குழல். என் பூவிலோ எண்ண எண்ண இதழ்கள்! பூச்சூத்திரம் எழுத வழியில்லை. தோழியின் பூவைப் பார்த்து வரைந்து முடித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். 'நமக்குப் படிப்பு வராதோ?' என்ற அச்சம் அன்று நெஞ்சைக் கவ்வியது.

வீட்டிற்கு வந்து அதே பூவை ஊசியால் பிரித்தேன். உள்ளிதழ் ஒன்றின் ஓரத்தில் மகரந்தப் பை ஒட்டிக்கொண்டிருந்தது. பாதி இதழ், பாதி தாள்! இந்த விந்தை எவ்வாறு நேர்ந்தது?

ஒரு செடியின் எல்லாச் செல்களிலும் ஒரே டி.என்.ஏ. தான் உள்ளது. எந்த இடத்தில் எந்த மரபணுவைப் படியெடுக்க வேண்டும் என்று ஆணையிடும் புரதங்களே படியெடுப்புக் காரணிகள். அவற்றுள் 'மேட்ஸ்' என்பது ஒரு பெருங்குடும்பம். ஈஸ்ட், அராபிடாப்சிஸ், ஆண்டிரைனம், மனிதன் ஆகிய நான்கு உயிர்களில் கண்ட நான்கு மரபணுக்களின் முதலெழுத்துகளைச் சேர்த்துச் சூட்டிய பெயர் அது.

1991இல் கோயன், மெய்ரோவிட்ஸ் என்னும் இருவர் பூவின் இலக்கணத்தை ஏ, பி, சி என்ற மூன்றெழுத்தில் அடக்கினர். ஏ தனித்து இயங்கினால் புல்லி. ஏ, பி சேர்ந்தால் அல்லி. பி, சி சேர்ந்தால் மகரந்தத் தாள். சி தனித்தால் சூலகம். இம்மூன்று வேலைகளையும் செய்யும் மரபணுக்களுள் பெரும்பாலானவை மேட்ஸ் குடும்பத்தவை. ஏ இருக்குமிடத்தில் சி நுழையாது. சி விலகினால் அவ்விடத்தை ஏ பிடித்துக்கொள்ளும். அப்போது தாள் எழ வேண்டிய இடத்தில் இதழ் எழும்! ரோஜாவில் சி வகை மரபணு இயங்கும் எல்லை சுருங்கியதால் அடுக்கு பெருகியது என்பதை 2010இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினர்.

மேட்ஸ் குடும்பம் அழகுக்கு மட்டுமன்று, சோற்றுக்கும் பொறுப்பு. நெற்பூவின் ஆறு தாள்களையும் சூலகத்தையும் மூடியிருக்கும் இரு செதில்களே பின்னர் உமியாகின்றன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் உஷா விஜயராகவன் அவர்களின் குழுவினர், நெல்லில் 'ஓ.எஸ். மேட்ஸ்-1' என்ற மரபணுவின் செயலைக் குறைத்துப் பார்த்தனர். செதில்கள் தமக்குரிய அமைப்பைப் பெறவில்லை, உள்ளுறுப்புகளும் சீர்குலைந்தன. 2005இல் வெளியான முடிவு இது. ஒரு காரணி குன்றினால் நெல்மணியே ஐயத்திற்கு இடம்!

என் அம்மா அண்ணாமலையார் கோயில் அருகே பூக்கட்டி விற்பவர். ரோஜாவின் கதையை அவரிடம் சொன்னேன். கட்டிக்கொண்டே கேட்டார்: "அப்போ பூந்தூளைக் குடுத்துட்டுத்தான் இத்தனை இதழை வாங்கிச்சா?" பாடம் முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார்!

நண்பர்களே! அறிஞர்கள் ஒழுங்கு தவறிய பூக்களை ஆராய்ந்தே பூவின் ஒழுங்கைக் கண்டனர். உங்கள் கையிலுள்ள பூ புத்தகத்திலுள்ள படத்தோடு பொருந்தவில்லையா? நாணி எறிந்துவிடாதீர்கள். ஓர் ஊசி எடுத்துப் பிரித்துப் பாருங்கள்.