கார்பூத் தீவின் பங்களாக்கள்

கோடை பிறந்ததும் குடும்பத்தோடு எங்கேயாவது போய்ப் பத்து நாள் தங்கி வரவேண்டும் என்ற ஆசை எல்லாத் தேசத்தாருக்கும் பொதுவானது. நமக்கு உதகமண்டலமும் கொடைக்கானலும் எப்படியோ, அப்படியே ஐரோப்பியர்களுக்குக் கிரேக்க தேசத்துத் தீவுகள். ஹோட்டலில் அறை எடுப்பதைவிட, கடலை நோக்கிய ஒரு தோட்ட பங்களாவை வாரக் கணக்கில் வாடகைக்குப் பிடித்து, பாட்டி முதல் பேரக் குழந்தை வரை ஒரே கூரையின் கீழ் தங்குவதையே அங்கு பல குடும்பங்கள் விரும்புகின்றன. இதில் குடும்பத் தலைவிக்கும் ஓய்வு கிடைக்குமா என்பது மட்டும் சந்தேகந்தான். ஊர் மாறினாலும் அடுப்பு அடுப்புத்தானே!

இத்தகைய பங்களாக்களுக்குப் பேர்போன தீவுகளில் ஒன்று கார்பூ. கிரேக்கர்கள் அதைக் கெர்க்கிரா என்று அழைக்கிறார்கள். கிரேக்க தேசத்தின் வடமேற்கு ஓரத்தில், அயோனியக் கடலில் இருக்கிறது. அதன் வட கோடியில் நின்றால் எதிரே அல்பேனியாவின் மலைகள் தெரியும். மற்றத் தீவுகள் பல வறண்ட பாறைகளாயிருக்க, இது மட்டும் பச்சைப் பசேலென்று ஒலிவ மரங்களால் மூடப்பட்டிருக்கிறது. 1386 முதல் 1797 வரை நானூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட வெனிஸ் நகரத்தார் ஊக்கிவிட்ட சாகுபடி அது. அவர்களுக்குப் பின் பிரெஞ்சுக்காரரும் பிறரும் வந்து போனார்கள். 1815-ல் அயோனியத் தீவுகள் ஏழும் பிரிட்டனின் 'பாதுகாப்பில்' விடப்பட்டன. அந்தப் பாதுகாப்பு எத்தகையது என்பதை நம் நேயர்களுக்கு நாம் விவரிக்க வேண்டியதில்லை.

முதல் ஹை கமிஷனராக வந்தவர் ஸர் தாமஸ் மெய்ட்லண்டு. முன்பு இலங்கையின் கவர்னராக இருந்தவர். 1817-ல் அவர் வகுத்த அரசியல் திட்டத்தில் சட்டசபை உண்டு, செனட் சபை உண்டு. அதிகாரம் மட்டும் கமிஷனரின் கையிலே! அவருக்குப் பின் 1824-ல் வந்தவர் ஸர் பிரெடெரிக் ஆடம். கார்பூவைச் சேர்ந்த கிரேக்கப் பெண்மணி ஒருவரை மணந்து, நகரத்துக்குத் தெற்கே கடலோரத்தில், பழமையான மரங்களின் நடுவே, கோடை வாசத்துக்கென்று ஓர் அழகிய மாளிகை எழுப்பினார். 1828-ல் தொடங்கிய வேலை 1831-ல் முடிந்தது. ஆனால் அதில் நெடுநாள் இளைப்பாற அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1832-ல் உத்தியோகம் மாறிற்று. எங்கே தெரியுமா? நமது சென்னை மாகாணத்துக்கு! 1837 வரை இங்கே கவர்னராக இருந்தார்.

ஆடம் நன்மையே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். பெனிட்ஸெஸ் கிராமத்து ஊற்றுக்களிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தவர் அவரே. அதற்காக நிறுத்திய அவர் சிலை பழைய கமிஷனர் மாளிகையின் முன்னே இன்னும் நிற்கிறது. ஆயினும் தண்ணீர் கொடுத்தவனிடம் சுதந்திரத்தையும் ஒப்படைத்துவிட மனிதர்கள் இசைவதில்லை. பக்கத்துத் தீவான செபலோனியாவில் 1849-ல் ஜனங்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அப்போதைய கமிஷனர் ஸர் ஹென்றி வார்டு பலரைத் தூக்கிலிட்டும், பலரைக் கசையால் அடிப்பித்தும் அதை அடக்கினார். அவரும் பின்னால் இலங்கைக்குக் கவர்னராகி, 1860-ல் சென்னைக்கு வந்து, சில வாரங்களில் இங்கேயே காலமானார். தூக்குமரத்தால் ஜனங்களின் எண்ணத்தை மாற்ற முடியவில்லை. 1864-ல் ஏழு தீவுகளும் கிரேக்க தேசத்தோடு சேர்ந்தன.

ஆடம் கட்டிய மாளிகை அப்போது கிரேக்க மன்னருக்குச் சென்றது. 'என் இளைப்பாறுதல்' என்று பொருள்படும் 'மான் ரெபோ' என்ற பிரெஞ்சுப் பெயரும் வந்தது. எலிஸபெத் ராணியின் கணவரான பிலிப் கோமகன் 1921-ல் பிறந்தது அந்த வீட்டில்தான். கிரீஸில் முடியாட்சி போன பிறகு அது யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு எழுந்தது. 1994-ல் கிரேக்க சர்க்கார் சட்டமியற்றி அதை எடுத்துக்கொண்டது. முன்னாள் மன்னர் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டுக்குப் போனார். 2002-ல் அவருக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. வீடு ஜனங்களிடமே இருந்துவிட்டது. இப்போது அது பொருட்காட்சி சாலை. ஒரு கவர்னர் தமக்கென்று எழுப்பிய தோட்டத்தில் இன்று கார்பூவின் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

இந்தியாவோடு தொடர்புள்ள இன்னொரு குடும்பமும் அத்தீவுக்குச் சென்றது. இந்தியாவில் என்ஜினீயராக இருந்த டரல் என்பவர் 1928-ல் இறந்தார். அவருடைய மனைவி தம் மக்களோடு இங்கிலாந்து சென்றார். அங்கே குளிரும் செலவும் ஒத்துக்கொள்ளாமல் 1935-ல் கார்பூவுக்கு வந்து சேர்ந்தார். மூத்த மகன் லாரன்ஸ் பிறந்தது ஜலந்தரில். கடைசி மகன் ஜெரால்டு பிறந்தது ஜாம்ஷெட்பூரில். ஒன்றன்பின் ஒன்றாக வாடகை பங்களாக்களில் குடியிருந்தார்கள். பத்து வயது ஜெரால்டு ஒலிவத் தோப்புகளில் ஆமையையும் பூச்சியையும் தேடி அலைந்தான். அவனுக்கு இயற்கை சாஸ்திரம் கற்பித்த கிரேக்க டாக்டர் தியோடர் ஸ்டெபனிடிஸ் பம்பாயில் பிறந்தவர் என்பது ஓர் அதிசயமான பொருத்தம். 1939-ல் யுத்த மேகம் கவிந்ததும் குடும்பம் கலைந்தது. 1956-ல் ஜெரால்டு அந்த நாட்களைப் பற்றி எழுதிய நூல் உலகமெங்கும் வாசிக்கப்பட்டது.

கவர்னரும் கைம்பெண்ணும் நாடிச் சென்றது ஒரே வெயிலையும் ஒரே கடலையுந்தான். ஆனால் ஒருவர் எஜமானராகத் தங்கினார். மற்றவர் விருந்தினராகத் தங்கினார். கிரேக்க மொழியில் அந்நியனுக்கும் விருந்தாளிக்கும் 'க்ஸேனொஸ்' என்ற ஒரே சொல்தான். நம் பழந்தமிழிலும் 'விருந்து' என்றால் புதுமை. புதிதாய் வந்தவரே விருந்தினர். வருகிறவனை வரவேற்பது வீட்டுக்காரன் கடமை. தான் விருந்தாளி என்பதை மறவாதிருப்பது வந்தவன் கடமை.

இன்று நம் குடும்பங்களும் கடல் கடந்து உல்லாசப் பிரயாணம் போகின்றன. கார்பூவுக்குப் போகிறவர்கள் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும். கிராமத்தில் பிற்பகல் உறங்கும் நேரம். அப்போது கூச்சல் ஆகாது. ஒலிவ மரங்களின் கீழே கிடக்கும் வலைகள் குப்பையல்ல. உதிரும் காயைச் சேர்ப்பதற்கானவை. மிதித்துக் கிழிக்கலாகாது. கோடையில் மழை அபூர்வம். தண்ணீரை அளந்து செலவிட வேண்டும். நெருப்பில் மிக்க எச்சரிக்கை தேவை. 2023 ஜூலையில் தீவின் வடபகுதியில் காட்டுத் தீ மூண்டு, 2,000-க்கு மேற்பட்டவர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. ஆகஸ்டு 11-ந் தேதி தீவின் காவலரான புனித ஸ்பிரிடான் பவனி வருவார். பார்க்கப் போகிறவர்கள் நம் ஊர்த் தேர்த் திருநாளில் நிற்பதுபோல் அடக்கமாக ஒதுங்கி நின்று பார்க்கட்டும்.

அந்நியர் நம் மண்ணில் எஜமானராகத் தங்கிய காலத்தை அனுபவித்தவர்கள் நாம். பிறர் மண்ணில் எப்படித் தங்க வேண்டுமென்பது நம்மைவிட வேறு யாருக்கு நன்றாகத் தெரியும்? கையில் பணமிருந்தால் பங்களாவின் சாவி கிடைத்துவிடும். ஊராரின் அன்புக்கு அந்தச் சாவி போதாது.