தூசிக்குள் கல்நார்: மூன்று சாட்சிகள்

மட்டாஞ்சேரியில் ஓட்டு வீடுகளுக்கு நடுவே ‘ஆஸ்பெட்டாஸ்’ ஷீட்டுக் கூரைகளையும் பார்க்கிறோம். சிமெண்டுடன் கல்நார் என்னும் தாது இழையைக் கலந்து செய்தது அந்த ஷீட்டு. இழை சிமெண்டுக்குள் அடங்கியிருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுத்தால், துளைத்தால், வெயில் மழையில் இற்றுப்போனால் தூசியோடு கிளம்பி நுரையீரலில் தங்கிவிடும். புற்றுநோயாக வெளிப்பட இருபது, முப்பது வருஷங்கள்கூட ஆகலாம். கேரள மனித உரிமை ஆணையம் 2009-ல் பள்ளிக்கூடங்களின் இந்தக் கூரைகளைப் படிப்படியாக மாற்ற உத்தரவிட்டது.

காற்றுத் தூசியில் இருப்பது கல்நார்தானா என்று எப்படிச் சொல்வது? சாதாரண நுண்ணோக்கியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைவானதைப் பிரித்துக் காட்ட முடியாது. வெண்கல்நாரின் (கிரைசோடைல்) ஒற்றை இழையோ ஏறக்குறைய 30 நானோமீட்டர் தடிமன்தான். ஆகவே எலெக்ட்ரான் நுண்ணோக்கி தேவைப்படுகிறது. அது மூன்று சாட்சிகளை விசாரிக்கிறது.

முதல் சாட்சி உருவம். வெண்கல்நார் இழை சுருட்டி வைத்த பாய் மாதிரி. நடுவில் துளை தெரியும். ஆனால் ஊசிபோல் இருப்பதெல்லாம் கல்நார் ஆகிவிடாது.

இரண்டாவது, வேதிப் பொருள். எலெக்ட்ரான் பட்டதும் இழையிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் தனிமங்களைக் காட்டிக் கொடுக்கும். நீலக்கல்நாரில் சோடியம், இரும்பு, சிலிக்கான். வெண்கல்நாரில் மெக்னீசியம், சிலிக்கான். சிக்கல் என்னவென்றால், முகப் பவுடரின் டால்க்கிலும் அதே மெக்னீசியமும் சிலிக்கானும்தான்!

அங்கேதான் மூன்றாவது சாட்சி, விளிம்பு விளைவு, கைகொடுக்கிறது. படிகத்தின் அணு அடுக்குகளில் சிதறும் எலெக்ட்ரான்கள் திரையில் புள்ளிக் கோலம் போடுகின்றன. டால்க் போடுவது அறுகோணக் கோலம். வெண்கல்நாரில் புள்ளிகள் வரிசை வரிசையாக விழும். அந்த வரிசை இடைவெளியிலிருந்து இழையின் நீளவாக்கில் 0.53 நானோமீட்டருக்கு ஒருமுறை அணு அமைப்பு திரும்ப வருவதைக் கணக்கிடலாம். படலம் சுருண்டிருப்பதால் சில புள்ளிகள் கோடாக இழுபடும். நீலக்கல்நாரிலும் அதே 0.53தான், ஆனால் புள்ளிகள் கூர்மையானவை. கண்ணாடி இழைக்குப் படிக அடுக்கே கிடையாது. மங்கலான வளையம் மட்டும் தெரியும்.

இந்தக் கோலக்கலை நமக்கு அந்நியமல்ல. எர்ணாகுளத்தில் பிறந்த தமிழர் ஜி.என்.ராமச்சந்திரன் 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில், எக்ஸ் கதிர் விளிம்பு விளைவின் துணையோடுதான் கொல்லாஜனின் மூவிழை அமைப்பை முன்வைத்தார்.

ஷீட்டுத் துண்டைச் சோதிக்கப் பெரும்பாலும் முனைவாக்க ஒளி நுண்ணோக்கியே போதும். மெல்லிய தூசிக்குத்தான் இத்தனை பாடு. ஆனால் வீட்டுக் கூரை உடைந்தால் சோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். நீர் தெளித்து நனைத்து, முழுசாக இறக்குங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.