இரட்டைப் பிள்ளைகளும் சீன எழுத்தும்

ஹாங்காங்கில் மூன்று வயதுக் குழந்தை பாலர் பள்ளியில் அடியெடுத்து வைத்த சில நாட்களிலேயே, கோடுகள் பின்னிக் கிடக்கும் சீன எழுத்துகளைக் கண்ணால் கண்டு, ஆசிரியர் உச்சரிக்கக் காதால் கேட்டு, உருவத்தையும் ஒலியையும் அர்த்தத்தையும் ஒருங்கே நெட்டுருப் போடத் தொடங்கிவிடுகிறது. பெருநிலச் சீனத்துப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் ‘பின்யின்’ என்னும் ஊன்றுகோல் உண்டு. ஹாங்காங் பிள்ளைகள் பொதுவாக அதுவும் இன்றியே நடை பழகுகிறார்கள். ஒரே வகுப்பில் ஒரு குழந்தை சரளமாக வாசிக்க, பக்கத்துக் குழந்தை தடுமாறுவது பிறவியாலா, வளர்ப்பாலா?

இதற்கு விடை காண விழைந்த போனி சோவ், கோனி ஹோ முதலிய அறிஞர்கள், மூன்று முதல் பதினொரு வயது வரையுள்ள 312 இரட்டையர் ஜோடிகளைச் சோதித்து, 2011-இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றுள் 228 ஜோடிகள் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவை. 84 ஜோடிகள் இரு வேறு கருக்களாய் உதித்தவை. இரு வகையினரும் ஒரே வீட்டில் ஒரே சோற்றை உண்டு வளர்பவர்களே. ஆயினும் ஒரே மரபணுக்களைக் கொண்ட முதல் வகையினர் வாசிப்பில் இரண்டாம் வகையினரைக் காட்டிலும் அதிகமாக ஒத்திருப்பார்களேயானால், அந்த அதிகப்படியான ஒற்றுமையை மரபணுவின் கணக்கில்தானே எழுத வேண்டும்?

கான்டனீஸ் பேச்சில் ‘ஸி’ என்ற ஓரசையே, குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்பக் கவிதையாகும், சரித்திரமாகும், காலமாகும், சந்தையாகும். இந்தத் தொனி நுட்பத்தைப் பகுத்தறியும் செவி, கேட்ட ஒலியை நினைவில் இருத்துதல், கண்டதைச் சட்டென்று பெயர் சொல்லுதல், சொல் வாசிப்பு ஆகியவற்றில் குழந்தைகளிடையே தோன்றும் வேற்றுமைக்கு மரபணுவின் பங்கு 0.42 முதல் 0.73 வரை இருந்தது. சொல்வளமும் எழுத்தமைப்பு அறிவுமோ குடும்பச் சூழலுக்கே பெரிதும் கட்டுப்பட்டன. நீரைக் குறிக்கும் உறுப்போடு, ‘யொங்’ என ஒலிக்கும் ஆட்டின் உருவைச் சேர்த்தால், அதே ஒலியுடைய சமுத்திரம் என்ற எழுத்து பிறக்கிறது. இத்தகைய சூட்சுமம் கைவரச் சூழலின் துணை பெரிதும் வேண்டும்.

இந்தப் பின்னங்கள் ஒரு கூட்டத்தாரிடையே உள்ள ஏற்றத்தாழ்வுக்கு உரியவை. உங்கள் வீட்டுக் குழந்தையின் ஜாதகமல்ல. ‘படிப்புக்கான ஜீன்’ என்று பேசுவதும் வீண்பேச்சே. சீன எழுத்தின் வயது சுமார் மூவாயிரம் ஆண்டுகளே. அதற்கென ஒரு மரபணு தோன்ற அவகாசம் ஏது? எழுத்து பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே மனிதனிடம் இருந்த செவியும் நினைவும் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடே வாசிப்பில் தலைகாட்டுகிறது.

இந்த வேறுபாடு எந்த ஓர் எழுத்து முறைக்கும் தனியுரிமையல்ல. எழுத்துக் கூட்டினாலே வாசித்துவிடக்கூடிய மொழியையுடைய பின்லாந்தில், வாசிப்புக் குறைபாடுள்ள ஒரு குடும்பத்தை ஆராய்ந்தபோது 2003-இல் ஒரு மரபணு அடையாளம் காணப்பட்டது. அதே மரபணுவின் ஒரு மாற்றுருவம், சீனக் குழந்தைகளின் வாசிப்புத் திணறலோடும் தொடர்புடையதாக 2011-இல் கண்டறியப்பட்டது.