டைனோசரை ஆட்டிய இரும்புக்கூடு

'ஜுராசிக் பார்க்' (1993) படத்தில் வரும் சமையலறைக் காட்சியை ஒருமுறை பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். இரண்டு வெலாசிராப்டர்கள் மோப்பம் பிடித்துக்கொண்டே எவர்சில்வர் மேசைகளைச் சுற்றி வரும். அந்தப் பக்கம் இரண்டு பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதுங்கியிருப்பார்கள். எல்லாம் கம்ப்யூட்டர் செய்த மாயம் என்பார்கள். பாதிதான் உண்மை. சில ஷாட்களில் ராப்டர் உடுப்புக்குள் ஆள் இருந்தார். சிலவற்றில் இருப்பது ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில் செய்த பொம்மை. கம்ப்யூட்டர் ராப்டர் வரும் ஷாட்களுக்குப் பின்னாலும், மேசைமேல் வைத்துக் கையால் வளைத்த ஓர் இரும்புக்கூடு இருந்தது. அதன் பெயர் டைனோசர் இன்புட் டிவைஸ், சுருக்கமாக டி.ஐ.டி. கிரியேச்சர் அனிமேஷன் படிக்கக் கிளம்புகிறவர்கள் எந்த மென்பொருளுக்கும் முன்னால் இந்தக் கருவியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

கதையின் நாயகர் ஃபில் டிப்பெட், 1951-இல் பிறந்த அமெரிக்கர். ரே ஹாரிஹவுசன் பொம்மைகளை அசைத்து உயிர்கொடுத்த சிந்துபாத் படத்தைச் சிறுவயதில் பார்த்துவிட்டு, தானும் அதையே செய்வதென்று முடிவு கட்டியவர். கலிஃபோர்னியாவில் கலை படித்தார். விளம்பரப் படங்களுக்குப் பொம்மை ஆட்டிப் பிழைத்தார். 'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தின் மதுக்கடைக் காட்சிக்கு வேற்றுக்கிரகவாசிகளைச் செய்யத்தான் அவரைக் கூப்பிட்டார்கள். போன இடத்தில், சதுரங்கக் காய்களாக வரும் குட்டி மிருகங்களை ஆட்டும் வேலையும் அவருக்கும் ஜான் பெர்க்குக்கும் வந்து சேர்ந்தது. திரைத்தொழிலில் கதவு பெரும்பாலும் இப்படிப் பக்கவாட்டில்தான் திறக்கிறது.

பொம்மையை இம்மி நகர்த்தி ஒரு படம், மறுபடி இம்மி நகர்த்தி இன்னொரு படம், வினாடிக்கு 24 படம். இதுதான் ஸ்டாப் மோஷன். இதில் ஒரு குறை உண்டு. ஓடும் பஸ்ஸைப் போட்டோ எடுத்தால் கொஞ்சம் கலங்கித் தெரியும் அல்லவா? நிற்கும் பொம்மையில் அந்தக் கலக்கம் இருக்காது. ஒவ்வொரு படமும் கத்திபோல் துல்லியமாக விழுவதால் ஓட்டிப் பார்க்கும்போது அசைவு வெட்டி வெட்டி வரும். 'டிராகன்ஸ்லேயர்' (1981) படத்துக்காக டிப்பெட்டும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு வழி கண்டார்கள். கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் அந்தக் கணத்திலேயே கம்ப்யூட்டர் இயக்கும் மோட்டார்கள் பொம்மையை லேசாக நகர்த்தும். இதற்குக் கோ மோஷன் என்று பெயர் வைத்தார்கள்.

'ஜுராசிக் பார்க்' இயக்குநர் ஸ்பீல்பெர்க் தன் டைனோசர்களையும் முதலில் கோ மோஷனில்தான் எடுப்பதாக இருந்தார். இன்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்லியம்ஸ் என்பவர் டி. ரெக்ஸ் எலும்புக்கூடு ஒன்றைக் கம்ப்யூட்டரிலேயே நடக்கவைத்துக் காட்ட, திட்டமே தலைகீழானது. தன் இனமே அழிந்துவிட்டதுபோல் இருக்கிறது என்று டிப்பெட் புலம்ப, அந்தப் பேச்சைச் சற்று மாற்றி வசனமாகவே படத்தில் வைத்துவிட்டார் ஸ்பீல்பெர்க்.

ஆனாலும் டிப்பெட்டை அனுப்பிவிடவில்லை. கம்ப்யூட்டர் தெரிந்தவர்களுக்கு மிருகம் தெரியாது; மிருகத்தை அறிந்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இரு தரப்பையும் இணைக்கத்தான் டிப்பெட் ஸ்டுடியோவின் கிரெய்க் ஹேயஸும் மற்றவர்களும் டி.ஐ.டி.யை உருவாக்கினார்கள். பார்வைக்கு அது தோல் போர்த்தாத ஸ்டாப் மோஷன் பொம்மை: மேசைமேல் நிற்கும் உலோக எலும்புக்கூடு. மூட்டுகளில் உணரிகள். அனிமேட்டர் பழைய பழக்கப்படி விரலால் காலைத் தூக்கி வைத்து, கழுத்தைத் திருப்பி, வாலை வளைப்பார். மூட்டுகள் எத்தனை டிகிரி மடங்கின என்பதை உணரிகள் அளந்து அனுப்ப, திரைக்குள் இருக்கும் டைனோசரும் அதே கோலத்தில் நிற்கும். அதைப் பதிவு செய்துவிட்டு அடுத்த கோலத்துக்குப் போவார். சமையலறை ராப்டர்களும், மழையில் காரைத் தாக்கும் டி. ரெக்ஸும் இந்தக் கருவியின் துணையோடு அசைந்தவை. கருவியை ஆக்கியவர்களுக்குப் பின்னாளில் ஆஸ்கர் அகாதமியின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. டிப்பெட்டின் ஆட்கள் மௌஸ் பிடிக்கப் பழகிய பிறகு அதற்கு வேலை குறைந்துபோனது வேறு விஷயம்.

கருவி போனாலும் அது கடத்திவிட்ட அறிவுக்கு இன்றும் கிராக்கி குறையவில்லை. அடியெடுத்து வைத்தவுடன் இடுப்பு எவ்வளவு இறங்கும், எடை எப்போது அந்தக் காலுக்கு மாறும், தலை முன்னே நீளும்போது வால் எப்படி ஈடுகட்டும் என்பதெல்லாம் அதில் அடக்கம். உடற்கூறு தெரியாமல் மிருகம் வரைந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது கால்தான். பறவையின் காலில் பின்பக்கம் மடங்குவதாகத் தெரிவது முழங்கால் அன்று, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. இதைத் தவறவிட்டால் எத்தனை செதில் வரைந்தாலும் மிருகம் நடக்காது.

அறிவியல் இன்னொரு வகையிலும் குறுக்கிட்டது. டிப்பெட்டின் ஆரம்பக்கட்ட மாதிரிக் காட்சிகளில் ராப்டர்கள் பாம்புபோல் நாக்கை நீட்டின. படத்துக்கு ஆலோசகராக இருந்த தொல்லுயிரியலாளர் ஜாக் ஹார்னர் கூடாது என்றார். நாக்கு போய், கதவுக் கண்ணாடியில் மூச்சு ஆவியாகப் படியும் ஷாட் வந்தது. நாக்கைவிட அதுதான் பயமுறுத்துகிறது. (அசல் வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான், உடம்பில் இறகும் உண்டு. அதைப் படம் கண்டுகொள்ளவில்லை!)

சரி, இன்று படிப்பு முடித்து வரும் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? சென்னையோ ஹைதராபாதோ, முதல் நாளே டிராகன் வடிவமைக்க யாரும் தரப்போவதில்லை. பெரும்பாலும் ரோட்டோவில் உட்கார்த்துவார்கள்: நடிகரின் ஓரத்தை ஃபிரேம் ஃபிரேமாக வெட்டும் வேலை. அலுப்புத்தான். ஆனால் உடம்பு எப்படி நகர்கிறது என்பதைச் சம்பளத்தோடு உற்றுப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை. மாலையில் ஷோரீல் தயாரியுங்கள். பத்து மிருகம் வேண்டாம். ஒன்றே ஒன்று நடந்து, நின்று, திரும்பி, உட்காரட்டும். அதற்கு முன் ஒரு கோழி நடப்பதைச் செல்போனில் எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்தி, கணுக்கால் எங்கே இருக்கிறது என்று வரைந்து பாருங்கள்.